திருப்பிச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க

விருதுநகரிலிருந்து மாற்றலாகித் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நான் வந்தது எழுபதுகளின் நடுவில். அங்கே இணைப்பு கொடுக்கும் போர்டில் உட்கார்ந்திருந்த எங்களில் யாருடைய முகமும் ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. குரலை வைத்துத்தான் பெயர். ஒருத்தி மூக்கடைச்ச அம்மா, ஒருத்தி அவசரக்காரி. என் பக்கத்து நாற்காலி அக்காவுக்குத் ‘திருப்பிச் சொல்லுத அம்மா’ என்று பெயர் விழுந்திருந்தது.

நம்பரைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்குமான விதி. அக்கா நம்பரோடு நிறுத்த மாட்டார். வெளியூருக்கான டிரங்க் லைனில் இரைச்சல் அதிகமாகி, இந்த முனையில் பேசுவதை நாங்கள் வாங்கி அந்த முனைக்குச் சொல்ல வேண்டிவந்தால், விஷயம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் லைனை விட மாட்டார்.

ஒரு சாரல் காலத்தில் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றிலிருந்து மெட்ராஸுக்கு ஒருவர் டிரங்க் கால் போட்டிருந்தார். குடும்பத்தோடு குளிக்க வந்தவர். அவருடைய அப்பா பாறையில் வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்தது. ‘அப்பாவுக்கு ஒண்ணுமில்லை’ என்றுதான் அவர் சொன்னார். இரைச்சலில் நடுப்பகுதி விழுந்துபோய், மறுமுனையில் அம்மாவின் காதில் ‘அப்பா... இல்லை’ என்று கேட்டிருக்கிறது. அலறல் பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கே கேட்டது. அக்கா குறுக்கே நுழைந்தார்.

“அம்மா, நான் தென்காசி ஆபரேட்டர் பேசுதேன். உங்க வீட்டுக்காரர் நல்லாயிருக்காரு. கையில கட்டுப் போட்டிருக்கு, அவ்வளவுதான். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க.”

அந்த அம்மா அழுதுகொண்டே இருந்தார். அக்கா மறுபடி சொன்னார், மறுபடி கேட்டார். நான்காவது தடவை ‘கையில... கட்டு’ என்று விக்கலோடு ஒரு குரல் வந்தது. “ஆமா. வேற?” என்றார் அக்கா. “நல்லாயிருக்காரு.” அதன் பிறகுதான் லைனை விட்டார். அதற்குள் லைனுக்காக மூன்று பேர் காத்திருந்தார்கள். சூப்பர்வைசர் அதற்கு மெமோ கொடுத்தார். அக்கா வாங்கி, படித்து, “காலதாமதம் செய்தேன்னு எழுதியிருக்கீங்க, சரியா சார்? சரிதான்” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

எக்ஸ்சேஞ்சுக்கு வெளியேயும் அப்படித்தான். பஸ் கண்டக்டரிடம், தையல்காரரிடம், கோயிலில் அர்ச்சனைச் சீட்டு கொடுப்பவரிடம். யாராவது ஒன்றைச் சொன்னால், ‘திருப்பிச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க’ என்று தொடங்கி, அவர்கள் சொன்னதை அவர்கள் முன்னாலேயே எடுத்து வைப்பார். குரலில் கேலியோ கோபமோ இருக்காது. ஆனாலும் கேட்டவர்களுக்கு முகம் சுண்டிப்போகும். தாங்கள் சொன்னதைத் தாங்களே கேட்பது எல்லோருக்கும் சுலபமாக இருப்பதில்லை.

எனக்கே அது கசந்த நாள் உண்டு. எனக்கு இருபத்தாறு வயதில் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நெல் விவசாயக் குடும்பம், பையனுக்கு பேங்க் வேலை. என் அம்மா உயிரோடு இல்லாததால் பெண் பார்க்க வந்த அன்று அக்காதான் என் பக்கம் உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம், நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம் என்று பையனின் அம்மா சிரித்தபடி சொன்னார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

“திருப்பிச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க,” என்றார் அக்கா. “கல்யாணத்துக்குப் பிறகும் இவ எக்ஸ்சேஞ்சுக்கு வருவா. ஷிப்டு மாறி மாறி வரும், அதையும் பார்ப்பா. அப்படித்தானே மதினி?”

அந்த அம்மா மகனைப் பார்த்தார். மகன் காபி டம்ளரைப் பார்த்தான். பையனின் அப்பா, நம் வீட்டில் அப்படி வழக்கம் கிடையாது என்று மெதுவாகச் சொன்னார். சம்பந்தம் அதோடு போயிற்று. நான் பதினைந்து நாள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சமாதானமும் சொல்ல வரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வந்த இடத்தில், இவள் வேலையை விட்டால் எங்களுக்குக் கட்டாது என்று என் மாமியார் முகத்துக்கு நேரே சொன்னார். “இது நேரான பேச்சுட்டி, கட்டிக்கோ,” என்றார் அக்கா. கட்டிக்கொண்டேன்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தானாகவே. அக்காவின் கணவர் எங்கள் இலாகாவில் லைன்மேன். செங்கோட்டைப் பக்கம் கம்பத்திலிருந்து விழுந்தார். சேதி மூன்று வாய் மாறி வந்தது. வீட்டுக்கு வந்து சேரும்போது, காலில் அடி, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று ஆகியிருந்தது. அக்கா ரசமும் சோறும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் அந்தத் தூக்குவாளியை யாரோ கையிலிருந்து வாங்கியபோதுதான் தெரிந்ததாம். “ஒருத்தரும் பொய் சொல்லலட்டி. ஒருத்தரும் சரியாக் கேக்கலை, அவ்வளவுதான்,” என்றார். கணவர் இறந்ததற்காக இலாகா கொடுத்த வேலைதான் அக்காவுக்கு இது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எக்ஸ்சேஞ்ச் பெண்கள் எல்லோருமாகக் குற்றாலம் போனோம். பேரருவியில் கூட்டம். மேலே செண்பகாதேவி அருவிக்கு ஏறிப் போகலாம் என்று முடிவாயிற்று. பாதி ஏற்றத்தில் அக்கா நின்றார். தாடையைப் பிடித்துக்கொண்டார். பல்வலியா என்று கேட்டேன். பல் இல்லை, தாடை, இடது தோளிலும் ஒரு பாரம் என்றார். நின்றதும் விட்டுவிட்டது. இருபது அடி ஏறியதும் மறுபடி. மூன்றாவது தடவை ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு, “நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கன இருக்கேன்,” என்றார். நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் நெற்றியெல்லாம் வேர்வை. அருவிக் காற்று குளிரக் குளிர அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் தென்காசியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் நல்ல மனிதர், கூட்டமும் அதிகம். வயிற்றை அழுத்திப் பார்த்து, வாய்வு என்று சொல்லி மாத்திரை எழுதத் தொடங்கினார். பெண்களுக்கு நெஞ்சு வலி வந்தால் அந்தக் காலத்தில் முதலில் சொல்வது அதைத்தான்.

“திருப்பிச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க டாக்டர்,” என்றார் அக்கா. “இது வாய்வு. நடந்தா வரும், நின்னா போயிரும். சாப்பிட்டா வராது, ஏறினா வரும். இந்த மாத்திரை போட்டா ஏறலாம்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடி வைத்தார். பிறகு அவரே எழுந்து ஈ.சி.ஜி. எடுக்கும் அறைக்குக் கூட்டிப்போனார். காகிதத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வேலைக்குப் போகவேண்டாம், படி ஏறவேண்டாம் என்றார். பல வருஷம் கழித்து அவரைக் கடைத்தெருவில் பார்த்தபோது, அந்த அம்மா கேட்ட பிறகு நான் யாருக்கும் அவசரப்பட்டு வாய்வு என்று எழுதுவதில்லை என்று என்னிடம் சொன்னார்.

பாளையங்கோட்டையில் பார்த்து, அங்கிருந்து மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அக்காவின் அண்ணன் வந்தார். நானும் லீவு போட்டுப் போனேன். அண்ணனுக்கு ரத வீதியில் ஜவுளிக் கடை. தங்கை விதவையான நாளிலிருந்து அவள் வீட்டுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து, உள்ளே உட்காராமல் வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போகிறவர். அதிகம் பேசமாட்டார். ரயிலில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். நெஞ்சைப் பிளக்க மட்டும் விடமாட்டேன். அவருடைய கூட்டாளி ஒருவர் இரண்டு வருஷம் முன்னால் பைபாஸ் ஆபரேஷனுக்கு மெட்ராஸ் போய்ப் பிணமாகத் திரும்பியிருந்தார். உடம்போடு வேனில் வந்தது அண்ணன்தான்.

ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மூன்று குழாய்களிலும் அடைப்பு. அக்காவுக்குச் சர்க்கரை வேறு இருந்தது. முதலில் பேசியவர் இளம் டாக்டர். பலூன் சிகிச்சை நம் பக்கம் வந்து அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவர் வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்தவர். தொடையில் ஊசித் துளை போட்டு, மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் செலுத்தி, அடைப்புள்ள இடத்தில் குட்டிப் பலூனை ஊதி வழி உண்டாக்கிவிட்டு, வெளியே எடுத்துவிடலாம் என்று படம் போட்டுக் காட்டினார். நெஞ்சில் கத்தி படாது. மூன்றாம் நாள் ரயில் ஏறலாம். அண்ணன் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

“திருப்பிச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க டாக்டர். மூணு அடைப்பையும் பலூன் வச்சு எடுத்திருவீங்க. பிறகு அடைக்காது.”

“மூணுன்னு நான் சொல்லலையே அம்மா,” என்றார் அவர்.

“எத்தனை?”

“ரெண்டு நல்லா வரும். மூணாவது ஒரு வளைவுல இருக்கு. முயற்சி பண்ணிப் பார்க்கலாம்.”

“பிறகு அடைக்காது?”

அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சிலருக்கு ஆறு மாதத்துக்குள் அதே இடம் மறுபடி சுருங்கிவிடுகிறது என்றார். பலூனை ஊதும்போதே குழாய் மூடிக்கொண்டால், அந்த நிமிஷமே ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்க வேண்டிவரும். சுருங்காமல் தாங்கிப் பிடிக்க வெளிநாட்டில் கம்பி வலையில் சின்னக் குழல் ஒன்றை உள்ளேயே வைத்துப் பார்க்கிறார்கள், அது இங்கே வந்துவிட்டால் இந்தப் பேச்சே வேறாக இருக்கும் என்றும் சொன்னார். எப்போது வரும் என்று அக்கா கேட்டார். தெரியாது என்றார். அதுவரைக்கும் என் நெஞ்சு தாங்குமா என்று கேட்டார். அதற்கும் தெரியாது என்றார். வெளியே வந்ததும், “ரெண்டு தடவை தெரியாதுன்னு சொன்னாரு. நல்ல டாக்டர்,” என்றார் அக்கா.

சர்ஜன் வயதானவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பைபாஸ்தான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு எழுந்துவிட்டார். அக்கா எழுந்திருக்கவில்லை. அவர் மறுபடி உட்கார வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, விரல் விட்டு எண்ணாமல், காகிதம் பார்க்காமல் அக்கா சொன்னார்:

“நெஞ்செலும்பை அறுத்துத் திறப்பீங்க. இதயத்தை நிறுத்தி வச்சிட்டு மெஷின்ல ஓட்டுவீங்க. கால்ல இருந்து ரத்தக் குழாயை எடுத்து, அடைப்பைச் சுத்தி வேற வழி போடுவீங்க. மூணுக்கும் போடலாம். சில பேரு மேசையிலேயே போயிருவாங்க, சில பேருக்குக் கை கால் விழுந்திரும். தப்பிச்சா ரொம்ப வருஷம் ஓடும். ஆனா புதுசாப் போட்டதும் ஒரு நாள் அடைக்கலாம். சரியா டாக்டர்?”

“சரி,” என்றார் சர்ஜன். பிறகு, “நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?” என்று கேட்டார்.

“ஆபரேட்டர்.”

அவர் சிரித்துவிட்டார். நானும் ஆபரேட் பண்ணுறவன்தானே, அப்போ ரெண்டு பேரும் ஒரே இனம்தான் என்றார்.

பைபாஸ் செய்துகொள்வதென்று அக்கா முடிவு செய்துவிட்டார். அவருக்கு மூன்று அடைப்பு. மூன்றுக்கும் பதில் சொல்வது எதுவோ அது. அவ்வளவுதான் அவருடைய கணக்கு. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

சம்மதப் படிவத்தில் உறவினர் கையெழுத்து வேண்டும். நான் பேனாவை எடுத்தேன். நோயாளிக்கு என்ன உறவு என்று குமாஸ்தா கேட்டார். கூட வேலை பார்க்கிறேன் என்றேன். ரத்த சம்பந்தம் வேண்டும் என்று படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அண்ணன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னால் முடியாதும்மா, ஒரு தடவை கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்ததே போதும் என்றார். அவருடைய கூட்டாளிக்கும் அவர்தான் கையெழுத்துப் போட்டார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அக்கா அவரை வரச்சொன்னார். காலை பத்து மணி இருக்கும். வார்டு ஜன்னல் வழியாக வெயில் கட்டிலில் விழுந்துகிடந்தது. அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“அண்ணே, கையெழுத்துப் போடுங்கன்னு சொல்லலை. டாக்டருங்க எங்கிட்ட சொன்னதை உங்ககிட்ட சொல்லுதேன். நீங்க திருப்பிச் சொல்லணும். அது மட்டும் போதும்.”

“எனக்கு என்னத்துக்குட்டி அது?”

அக்கா எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நர்ஸ் ஒருத்தி வந்து டெம்பரேச்சர் பார்த்துவிட்டுப் போனாள். அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி தொடங்கினார்.

“பலூன்னா நெஞ்சைத் தொடமாட்டாங்க. சீக்கிரம் ஊருக்கு வந்திரலாம். ஆனா ரெண்டுதான் சரியாகும்... அதுவும் திரும்ப அடைக்கலாம்.”

“ஆமா. அடுத்தது?”

“ஆபரேஷன்னா நெஞ்சைத் திறக்கணும். மூணுக்கும் வழி போட்டிருவாங்க. ரொம்ப வருஷம் ஓடும்.”

அதோடு நிறுத்திக்கொண்டார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு அண்ணே.”

பக்கத்துக் கட்டில்காரர்கூட இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ எந்திரிக்காமலும் போகலாம்,” என்றார் கடைசியில்.

“ஆமா,” என்றார் அக்கா. “இப்போ சரி.”

அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “என் கூட்டாளிக்கு இதை யாரும் சொல்லலட்டி. நாங்களும் ஒருத்தரும் கேக்கலை. எங்கன கையெழுத்துன்னு மட்டும்தான் கேட்டோம்,” என்றார். அப்புறம் என் பக்கம் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன்.

தியேட்டருக்குக் கொண்டுபோகிற அன்று காலை அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பயமா இருக்குட்டி என்றார். ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வாக்கியத்தை அவரிடம் கொடுத்தால் அப்படியே என்னிடம் திருப்பித் தருவார். எனக்கும் பயமாத்தான் இருக்கு அக்கா என்றேன். சரி என்று தலையாட்டினார். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் சர்ஜன் வெளியே வந்து, மூன்றுக்கும் போட்டாயிற்று என்றார். அண்ணன் அவரிடம், மூணுக்கும் போட்டாச்சு, இதயம் தானா ஓடுது, சரியா டாக்டர் என்று கேட்டார். சரி என்று அவர் சொன்ன பிறகும் இன்னொரு தடவை கேட்டார்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுதினால் அக்காவுக்கே பிடிக்காது. ரத்தக் குழாய் எடுத்த காலில் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இருமினால் நெஞ்சு பிளக்கிறது என்று தலையணையைக் கட்டிக்கொண்டு இருமுவார். அதைவிட, ஊருக்கு வந்த பிறகு ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வந்தது அவருக்கு. பால் பொங்கினால் அழுவார். அண்ணன் சாத்துக்குடி கொண்டுவந்து வாசலில் நின்றால் அழுவார். இதை யாரும் சொல்லவில்லையே, நானும் கேட்காமல் விட்டுவிட்டேனே என்று அவருக்குத் தன் மேலேயே கோபம். நெஞ்சு ஆபரேஷன் ஆனவர்களில் பலருக்கு அப்படி வரும், கொஞ்ச நாளில் போய்விடும் என்று தென்காசி டாக்டர் சொன்னார். போய்விட்டது. ஐந்தாம் மாதம் போர்டில் வந்து உட்கார்ந்தார்.

அதன் பிறகு, நெஞ்சு வலி என்று மெட்ராஸுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். எது நல்லது, பலூனா பைபாஸா என்று கேட்பார்கள். பைபாஸ் என்று சொல்வார் என எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் சொன்னதே இல்லை.

அப்படி வந்த ஒரு தம்பதியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செங்கோட்டையில் நல்லமிளகு வியாபாரம், பாதி மலையாளம் கலந்த பேச்சு. அந்த மனிதர் பேசவே இல்லை. அவர் மனைவிதான் கேட்டார். நீங்கள் பிழைத்து வந்திருக்கிறீர்கள், நீங்கள் சொல்வதைச் செய்கிறோம் என்றார்.

“என் நெஞ்சுக்கு எதுன்னு நான் கேட்டு வந்தேன். உங்க வீட்டுக்காரர் நெஞ்சுக்கு எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அக்கா. “எத்தனை அடைப்பு, எந்த இடத்துல, சர்க்கரை இருக்கா, திரும்ப வந்தா என்ன செய்வீங்க, பிறகு ஊர்ல வந்து எப்படி இருக்கும். இதையெல்லாம் கேளுங்க. கேட்டதை அங்கனயே அவங்ககிட்ட திருப்பிச் சொல்லுங்க. கோவிச்சாலும் சொல்லுங்க.”

அந்த அம்மா ஒரு காகிதம் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டார்.

ஒன்றரை மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். அவருக்கு ஒரே ஒரு அடைப்பு, நேரான இடத்தில். பலூன் போதும் என்று சொன்னார்களாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்துவிட்டார். இப்போது அந்த மனிதர் பேசினார், நிறுத்தாமல் பேசினார். கத்தியே படவில்லை, தொடையில் ஒரு பொட்டுத் தழும்புதான் என்று அவர் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. அக்காவின் கழுத்துக்குக் கீழே சேலைக்கு மேல் தெரிந்த நீளத் தழும்பைத்தான் பார்த்தேன். அக்கா அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பிள்ளை பரீட்சையில் பாஸானதுபோல அவர் முகம் மலர்ந்திருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

செங்கோட்டை பஸ் ஏற்றிவிட நாங்களும் கூடவே கிளம்பினோம். சாரல் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. அந்த மனிதரும் அக்காவும் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டின் உப்பில்லாத ருசியைப் பற்றிப் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். இரண்டு பேரும் நடந்த வேகத்தில் பின்னால் போன எனக்கும் அந்த அம்மாவுக்கும் மூச்சு வாங்கிற்று. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர்கள் ஒரு தடவைகூட நிற்கவில்லை.